அம்மா தைச்ச குட்டிப் பை

என் மேசை ட்ராயர்ல ஒரு குட்டிப் பை கிடக்கு. உள்ளங்கை அளவு தான் இருக்கும், மேல ஜிப், நாலு கலர் துணியை ஒட்டுப் போட்டு தைச்சது, ஒரு துண்டு நேவி ப்ளூ, ஒரு துண்டு மெல்லிசா கோடு போட்டது, உள்ள வெள்ளையா லைனிங் கூட குடுத்திருக்கு. அம்மா தைச்சது. வீட்ல வெச்சு தைச்சதில்ல, அம்மா வேலை பார்த்த கார்மெண்ட்ஸ் கம்பெனியில, சாப்பாட்டு இடைவேளையில, கம்பெனி மெஷின்ல, கம்பெனி நூல்ல, கட்டிங்ல விழுந்த துண்டுத் துணியில தைச்சது. சூப்பர்வைசர் பார்த்தா திட்டு விழும்னு தெரிஞ்சே தைச்சது.

காலைல இருந்து அந்த மெஷின் முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்து, கழுத்து பிடிச்சு, கண்ணு எரியுற ஒரு ஆள், அரை மணி நேரம் கிடைச்சா ஏன் போய் அதே மெஷின்ல உட்கார்ந்து மறுபடியும் தைக்கணும்? சின்ன வயசுல இதைப் பத்தி யோசிச்சதில்ல. நானும் வேலைக்குப் போய், நாள் பூரா ஸ்க்ரீன் முன்னாடி, வேலைக் கோரிக்கையா வர்றதை டிக்கெட் டிக்கெட்டா மூடிட்டு, சாயங்காலம் இன்னைக்கு என்னடா பண்ணோம்னு கேட்டா ஒண்ணும் சொல்லத் தெரியாம நின்ன ஒரு வருஷத்துல தான் இந்தப் பை திரும்ப ஞாபகம் வந்துச்சு. அப்போ தான் சோஷலிசச் சிந்தனையில அந்நியமாதல்னு ஒண்ணு சொல்வாங்களே, செய்ற வேலையும் செஞ்ச பொருளும் செஞ்சவனுக்கே அந்நியமாப் போறது, அதைக் கொஞ்சம் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல எனக்கு ஒட்டினதை எழுதறேன், நீளமா தான் போகும்.

முதல்ல அம்மா அங்க என்ன பண்ணாங்கன்னு சொல்லிடறேன். அம்மாவுக்கு ஒரு சட்டையை முழுசா தைக்கத் தெரியும். அளவு எடுக்கிறது, பேப்பர்ல வரைஞ்சு வெட்டுறது, காலருக்கு கேன்வாஸ் வெச்சு திருப்புறது, காஜா எடுக்கிறது, எல்லாமே. கம்பெனியில குடுத்த வேலை கஃப், அதாவது சட்டைக் கையோட முனையில வர்ற பட்டை. கஃப் தயார் பண்றது கூட இல்ல, ஏற்கனவே ரெடியா வர்ற கஃப்பை சட்டைக் கையோட சேர்த்து அடிக்கிறது மட்டும். இடது பக்கம் இருந்து பண்டில் வரும், கட்டை அவுக்கணும், கையோட மடிப்பு சரியா விழுந்திருக்கான்னு பார்த்து, கஃப்புக்குள்ள நுழைச்சு, ஒரு ஓட்டு, முனையில ஒரு ரிவர்ஸ், நூலை வெட்டி வலது பக்கம் தள்ளிடணும். அடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு இத்தனைன்னு லைனுக்கு முன்னாடி போர்டுல எழுதிப் போட்டிருப்பாங்க, எத்தனை ஆச்சுன்னு மணிக்கு மணி எழுதுவாங்க. அதை அடிக்கலைன்னா எல்லார் முன்னாடியும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. பதினோரு வருஷம் அம்மா அடிச்சது கஃப்.

ஒரு நாள் அம்மாவோட ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனேன். அம்மா ஒரு சட்டையை எடுத்து முன்பக்கம் எதையுமே பார்க்கல, நேரா கஃப்பைத் திருப்பி உள்பக்கம் தையலைப் பார்த்தாங்க, விரலால ஒரு ஓட்டு தடவிப் பார்த்தாங்க. 'இது எங்க லைன்ல ஓடின ஸ்டைல் மாதிரியே இருக்கு, ஆனா எங்க கம்பெனியான்னு தெரியல'ன்னு சொன்னாங்க. அப்புறம் விலைச் சீட்டைப் பார்த்துட்டு மடிச்சு அதே இடத்துல வெச்சுட்டாங்க. அவ்ளோ தான். முகத்துல கோபமும் இல்ல, வருத்தமும் இல்ல. அது தான் என்னை ரொம்ப நாள் விடாம துரத்துச்சு.

அந்நியமாதலைப் பத்தி முக்கியமா எழுதினவர் ஜெர்மன் சிந்தனையாளர் கார்ல் மார்க்ஸ். அவர் 1843 கடைசியில பாரிஸுக்குப் போறார், அடுத்த வருஷம் அவருக்கு 26 வயசு. அந்த 1844ல உட்கார்ந்து நோட்டு நோட்டா எழுதறார், அச்சுக்குக் குடுக்கிறதுக்காக சுத்தமா எழுதினது இல்ல, படிச்சதைப் பிரதி எடுத்து, சண்டை போட்டு, தனக்காக யோசிச்ச குறிப்புகள். அதுல முதல் நோட்டுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும். பக்கத்தை நீளவாக்குல மூணு பத்தியா பிரிச்சு, கூலி, மூலதனத்தோட லாபம், நில வாடகைன்னு தலைப்பு போட்டு, அன்னைக்கு பொருளாதாரப் புத்தகங்கள்ல இருந்த மாதிரியே மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதிட்டே போறார். இருபத்திரெண்டாவது பக்கம் வந்ததும் அந்தக் கோடு எதையும் மதிக்காம பக்கம் பூரா குறுக்க எழுத ஆரம்பிக்கறார். அங்க தான் அந்நியமான உழைப்புங்கிற பகுதி தொடங்குது. கூலி தனி, லாபம் தனி, வாடகை தனின்னு பிரிச்சு வெச்சா இது புரியாது, இதுக்கெல்லாம் அடியில உழைக்கிற மனுசனுக்கும் அவன் உழைப்புக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு ஏற்கனவே அறுந்து போயிருக்குன்னு அவருக்குப் பட்டது அந்தப் பக்கத்துலயே கண்ணுக்குத் தெரியுது. அந்த வருஷம் ஜூன்ல தான் அன்னைக்கு பிரஷ்யாவுல இருந்த சிலேசியாவுல நெசவாளிங்க கிளர்ந்து எழுந்தாங்க, அதை ராணுவம் வந்து சுட்டு அடக்கினாங்க. பாரிஸ்ல ஜெர்மன் தொழிலாளிங்க நடத்தின கூட்டங்களுக்கும் அவர் போயிட்டு இருந்தார். அதனால இதை வெறும் தத்துவ மாணவனோட பயிற்சின்னு சொல்லி ஒதுக்கறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல.

அந்நியமாதல்ங்கிற கருத்தை அவர் புதுசா கண்டுபிடிக்கல. ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் கிட்ட இருந்து வந்தது, 1807லயே அவர் எழுதினதுல மனம் தன்னையே வெளியில வெச்சு, அதை அந்நியமா பார்த்து, திரும்ப தன்னோடதா எடுத்துக்கிற ஒரு பெரிய பயணம் இருக்கு. 1841ல ஃபாயர்பாக்னு இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி அதையே மதத்துக்குத் திருப்பினார், மனுசன் தன்கிட்ட இருக்கிற நல்லதையெல்லாம் எடுத்து கடவுளுக்குக் குடுத்துட்டு அப்புறம் அந்தக் கடவுள் முன்னாடியே தான் ஒண்ணுமில்லாதவன்னு மண்டி போடறான்னார். மார்க்ஸ் அதை எடுத்துட்டு தொழிற்சாலைக்குள்ள போறார். மதத்துல நடக்கிறது நினைப்புக்குள்ள நடக்குது, இது தினமும் காலைல எட்டு மணிக்கு கையில நடக்குது.

அவர் சொல்றதுல முதல் விஷயம், செஞ்ச பொருள் செஞ்சவன் கிட்ட இருந்து பிரிஞ்சு போறது. பிரிஞ்சு போறதுன்னா வித்துடறதுன்னு மட்டும் நினைக்காதீங்க, வித்தா எல்லாமே பிரியத் தான் செய்யும். அவர் சொல்றது அதுக்கும் மேல, நீ செஞ்ச பொருள் உனக்கு எதிர்ல ஒரு சக்தியா வந்து நிக்குது, நீ எவ்வளவு அதிகம் செய்றியோ அவ்வளவுக்கு அந்தப் பக்கம் பெருசாகுது, இந்தப் பக்கம் நீ சின்னதாகுற. உழைப்பு மாளிகையை உண்டாக்குது, உழைச்சவனுக்குக் குடிசைன்னு எழுதறார். அம்மா அந்தக் கஃப்பைத் திருப்பிப் பார்த்த நிமிஷம் எனக்கு இது தான். அந்தச் சட்டை அம்மாவைத் தெரியாதுன்னு சொல்லிடுச்சு. லைன் வேகமா ஓடினா சட்டை அதிகம், சட்டை அதிகம் வந்தா கம்பெனி அடுத்த ஆர்டருக்கு போர்டுல எண்ணிக்கையை ஏத்துது, அதாவது அம்மா நேத்து நல்லா தைச்சதே இன்னைக்கு அம்மா மேல பாரமா வந்து உட்காருது.

ரெண்டாவது, எனக்கு முதலாவதை விட முக்கியமாப் படறது, வேலை செய்ற செயலே அந்நியமாகுறது. பொருள் கை விட்டுப் போறதுக்குக் காரணமே செய்யும்போதே அது நம்மளோடதா இல்லைங்கிறது தானேன்னு அவர் கேக்கறார். வேலையில இல்லாதப்ப தான் தொழிலாளி தன்னைத் தானா உணர்றான், வேலையில இருக்கிறப்ப தனக்கு வெளிய நிக்கறான்னு எழுதறார், கட்டாயம் இல்லைன்னா கொள்ளைநோயைக் கண்டு ஓடுற மாதிரி வேலையை விட்டு ஓடுவாங்கன்னும் அதே இடத்துல சொல்றார். இதைச் சிலர் பிடிச்சுக்கிட்டு, பாரு மனுசன் சோம்பேறி, காசு இல்லைன்னா யாரும் வேலை செய்ய மாட்டாங்கன்னு மார்க்ஸே சொல்லிட்டாருன்னு பேசுவாங்க. அந்த வாதம் கேக்குறப்பல்லாம் எனக்கு ட்ராயரைத் திறந்து அந்தப் பையை எடுத்துக் காட்டணும் போல இருக்கும்.

மூணாவதா வர்றது மனுசங்கிற தன்மையே அந்நியமாகுறது. படிக்கும்போது கொஞ்சம் மலைப்பா தான் இருக்கும். அவரே 1867ல வந்த 'மூலதனம்' புத்தகத்துல இதை ரொம்ப எளிமையா சொல்லிட்டார். தேனீ கட்டுற கூட்டைப் பார்த்தா எத்தனையோ கட்டடக் கலைஞர்கள் வெட்கப்படணும், ஆனா மோசமான கட்டடக் கலைஞன் கூட சிறந்த தேனீயை விட ஒரு விஷயத்துல மேல, அவன் கட்டறதுக்கு முன்னாடி அதை மனசுக்குள்ள கட்டி முடிச்சிடறான்னு. இது தான் மனுச உழைப்போட அடையாளம்னா, அந்த மனசுக்குள்ள கட்டுற பகுதியை எடுத்து வேற யார்கிட்டயோ குடுத்துட்டு, கையை மட்டும் வாடகைக்கு வாங்கினா மிச்சம் என்ன? 1911ல அமெரிக்க எஞ்சினியர் ஃப்ரெடரிக் டெய்லர் அறிவியல் முறை நிர்வாகம்னு எழுதினதோட சாரமே இது, யோசிக்கிறது நிர்வாகத்தோட வேலை, எப்படிச் செய்யணும், எவ்வளவு நேரத்துல செய்யணும்னு எழுதிக் குடுப்பாங்க, தொழிலாளி அதைச் செஞ்சா போதும். 1913ல ஃபோர்டு கம்பெனியோட ஹைலாண்ட் பார்க் கார் ஃபேக்டரியில நகரும் அசெம்பிளி லைன் வந்தப்போ ஒரு கார் சேஸிஸ் சேர்க்கிற நேரம் பன்னெண்டரை மணி நேரத்துல இருந்து 93 நிமிஷத்துக்கு இறங்குச்சு, அதே வருஷம் ஆள் விட்டுட்டுப் போற விகிதம் 370 சதவீதம், அதாவது ஒரு இடத்துக்கு வருஷத்துல மூணு நாலு பேரை மாத்தி மாத்தி எடுக்க வேண்டி இருந்துச்சு. 1914 ஜனவரியில நாளுக்கு 5 டாலர் சம்பளம்னு அறிவிச்சதுக்கு இது ஒரு பெரிய காரணம். பிடிக்காத வேலையில ஆளை நிக்க வைக்க அவ்வளவு பணம் தேவைப்பட்டுச்சு. நல்ல சம்பளம் வாங்குற அடிமைக்கு நிலைமை கொஞ்சம் மேல, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லைங்கிற பொருள்ல மார்க்ஸ் அந்த நோட்டுலயே கூலி உயர்வைப் பத்தி சொல்லியிருக்கார். கேக்க கொடூரமா இருக்கும், ஆனா சம்பளம் வேண்டாம்னு அவர் சொல்லல, சம்பளம் இதைச் சரி பண்ணாதுன்னு தான் சொல்றார்.

கடைசியா, மனுசன் மனுசன் கிட்ட இருந்து அந்நியமாகுறது. இதை அம்மா எனக்குச் சொன்ன ஒரு விஷயத்தோட முடிச்சுக்கறேன். அம்மாவுக்கு முன் சீட்ல ஒரு அக்கா இருந்தாங்க, ரொம்ப நல்லவங்க, அவங்களுக்கு உடம்பு முடியாத நாள்ல பண்டில் மெதுவா வரும், அம்மாவுக்கு எண்ணிக்கை குறையும், அப்போ 'அவ மேல எனக்கே எரிச்சல் வரும்டா, வீட்டுக்கு வந்து நினைச்சு அழுதிருக்கேன்'னு சொன்னாங்க. அந்த அக்காவும் அம்மாவும் சண்டை போட ஒரு காரணமும் கிடையாது, எண்ணிக்கை போர்டு தான் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுச்சு. அதே 1844ல ஜேம்ஸ் மில்லோட பொருளாதாரப் புத்தகத்தைப் படிச்சு எழுதின குறிப்புல மார்க்ஸ் இதுக்கு நேர் எதிரான ஒரு படத்தை வரையறார். நாம மனுசங்களா உற்பத்தி பண்ணியிருந்தோம்னு வெச்சுக்கோ, நான் செஞ்ச பொருள்ல நான் இருப்பேன், நீ அதைப் பயன்படுத்தும்போது உன் தேவையைத் தீர்த்தேன்னு எனக்கு சந்தோஷம் இருக்கும், நம்ம பொருட்கள் எல்லாம் நம்ம ரெண்டு பேரையும் காட்டுற கண்ணாடிகளா இருக்கும்னு. நான் அவர்கிட்ட படிச்சதுலயே ரொம்ப அன்பான இடம் இது தான்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும்னு தோணுது. அந்நியமாதல்னா இப்போ பல பேர் ஒரு மனநிலைன்னு எடுத்துக்கறாங்க, தனிமையா இருக்கு, எதுலயும் ஒட்டல, வெறுமையா இருக்குன்னு. 1950கள் கடைசியில இருந்து அமெரிக்க சமூகவியல்ல இதை அளக்கவே ஆரம்பிச்சாங்க, 1959ல மெல்வின் சீமன் இதுக்கு அஞ்சு அர்த்தம் பிரிச்சார், சக்தியின்மை, அர்த்தமின்மை, இப்படி. அதுல பிரயோஜனம் இல்லைன்னு சொல்லல, ஆனா அந்த வழியில போனா, சர்வேயில நான் சந்தோஷமா இருக்கேன்னு டிக் அடிச்சவன் அந்நியமாகலைன்னு ஆயிடும். அம்மா முகத்துல துணிக்கடையில வருத்தமே இல்லைன்னு சொன்னேனே, அதனால அங்க ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தமா? மார்க்ஸ் சொல்றது யார் முடிவு பண்றாங்க, யாருக்காக, செஞ்சது யார்கிட்ட போகுதுங்கிற உறவைப் பத்தி. மனசு அதுக்குப் பழகிக்கலாம், மரத்துப் போகலாம், பாட்டு கேட்டுட்டே வேலையைக் கூட முடிச்சிடலாம், உறவு அப்படியே தான் இருக்கும். காய்ச்சல் இருக்கா இல்லையான்னு நம்ம ஃபீலிங்கை வெச்சு மட்டும் சொல்ல முடியாதுல்ல, அந்த மாதிரி.

சரி, அந்த நோட்டுகளுக்கு என்ன ஆச்சு? மார்க்ஸ் உயிரோட இருக்கும்போது அச்சாகல. முழுசா வெளி வந்தது 1932ல, அதாவது ரஷ்யப் புரட்சி நடந்து பதினஞ்சு வருஷம் கழிச்சு. அதை ஜெர்மன்ல பதிப்பிக்கிற வேலையை ஆரம்பிச்சது மாஸ்கோவுல மார்க்ஸ் எங்கெல்ஸ் இன்ஸ்டிட்யூட்டை நடத்தின டேவிட் ரியாசனோவ். ஐரோப்பா பூரா அலைஞ்சு, காகிதம் காகிதமா சேர்த்த மனுசன் அவர். 1931ல அவரைக் கைது பண்ணிட்டாங்க, வேலையில இருந்து தூக்கிட்டாங்க, புத்தகம் வந்தப்போ அவர் அங்க இல்ல, 1938ல சுட்டுக் கொன்னாங்க. அந்நியமாதலைப் பத்தி மார்க்ஸ் எழுதினதை உலகத்துக்குக் கொண்டு வரப் பாடுபட்டவரோட உழைப்பு அவர் கையை விட்டுப் போச்சு, அதையும் சோஷலிசம் பேசின ஒரு அரசு பண்ணுச்சு. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அதுக்கு மேல எதுவும் ஓடல.

இன்னொரு ஆச்சரியம் ஹங்கேரியைச் சேர்ந்த மார்க்சியத் தத்துவவாதி லூக்காச். இந்த நோட்டுகள் எதையும் பார்க்காமலே, 'மூலதனம்' புத்தகத்துல சரக்கு வழிபாடு, அதாவது மனுசன் செஞ்ச சரக்குக்கே தனியா சக்தி இருக்கிற மாதிரி தெரியறது, அதைப் பத்தி வர்ற பகுதியை மட்டும் வெச்சு, 1923லயே மனுச உறவுகள் பொருட்களுக்கு நடுவுல நடக்கிற உறவு மாதிரி ஆயிடறதைப் பத்தி எழுதிட்டார். அப்புறம் 1930ல மாஸ்கோ போய் அதே இன்ஸ்டிட்யூட்ல இந்தக் கையெழுத்துப் பிரதியைப் படிச்சிருக்கார். இளைய மார்க்ஸ் வேற, முதிய மார்க்ஸ் வேறன்னு 1960கள்ல ஃபிரெஞ்சுத் தத்துவவாதி அல்தூஸர் தொடங்கி வெச்ச பெரிய சண்டையும் இருக்கு, அதுக்குள்ள நான் போகல. கஃப் அடிச்ச கையையும் பார்த்துட்டு தேனீ உதாரணத்தையும் படிச்சதால எனக்கு ரெண்டும் ஒரே ஆள் எழுதினதாத் தான் தெரியுது.

எனக்கு நிஜமாவே கஷ்டமான கேள்வி இது தான். தொழிற்சாலை முதலாளி கையில இருந்து அரசு கையில வந்துட்டா அந்நியமாதல் போயிடுமா? பல வருஷம் அதிகாரப்பூர்வமான பதில், ஆமா போயிடும், போயிடுச்சு. ஆனா லெனினையே பாருங்க, 1914ல டெய்லர் முறையை மனுசனை மெஷினுக்கு அடிமையாக்குறதுன்னு எழுதினவர், 1918ல பசி, போர், உடைஞ்சு போன நாடு, அந்த நெருக்கடியில அதே டெய்லர் முறையில நல்லது இருக்கு, அதைக் கத்துக்கணும், முயற்சி பண்ணணும்னு எழுதறார். அந்த நெருக்கடி எனக்குப் புரியுது. ஆனா நெருக்கடி போனதுக்கு அப்புறமும் அந்த ஸ்டாப்வாட்ச் போகல.

இதை வெளிய இருந்து திட்டினவங்களை விட உள்ள இருந்து கேட்டவங்களைத் தான் நான் மதிக்கறேன். 1963ல செக்கோஸ்லோவாக்கியாவுல லிப்லிட்ஸேங்கிற இடத்துல எழுத்தாளர் காஃப்காவைப் பத்தி ஒரு மாநாடு நடந்துச்சு, பேச வந்தது இலக்கியம், சண்டை வந்தது சோஷலிச நாட்டுலயும் மனுசன் அந்நியமாகுறானா இல்லையாங்கிறதுல. கிழக்கு ஜெர்மனியில இருந்து வந்தவங்க அதெல்லாம் முதலாளித்துவத்தோட பிரச்சனைன்னு நின்னாங்க. 1965ல போலந்துல ஆடம் ஷாஃப், கட்சி மத்தியக் குழுவுலயே இருந்தவர், சொத்துரிமை மாறினதால மட்டும் இது தானா ஒழிஞ்சிடாது, இங்கயும் இருக்குன்னு எழுதினார், கடும் எதிர்ப்பு வந்துச்சு. யூகோஸ்லாவியாவுல 1964ல இருந்து பிராக்ஸிஸ்னு ஒரு பத்திரிகை இதையே விடாம கேட்டுட்டு இருந்துச்சு, பத்து வருஷத்துல அதையும் நிறுத்த வெச்சாங்க.

அதுக்கப்புறம் தான் மிக்லோஷ் ஹராஸ்தி எழுதின புத்தகத்தைப் படிச்சேன். ஹங்கேரிக்காரர், கவிஞர், 1970களோட தொடக்கத்துல புடாபெஸ்ட்ல ரெட் ஸ்டார் டிராக்டர் ஃபேக்டரியில மில்லிங் மெஷின் ஆப்பரேட்டரா வேலை பார்த்தவர். பீஸ் ரேட், ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. ஒரே ஆள் ரெண்டு மெஷினை ஒரே நேரத்துல ஓட்டணும், குடுத்த நேரத்துக்குள்ள முடிக்க பாதுகாப்பு விதியை மீறித் தான் ஆகணும், வேகமா முடிச்சா அடுத்து ரேட்டைக் குறைச்சிடுவாங்க. ஃபேக்டரி மக்களோடதுன்னு சட்டம் சொல்லுது, ஆனா தொழிலாளிங்க வாயில மேல இருக்கிற அத்தனை பேருக்கும் பேர் ஒண்ணே ஒண்ணு தான், 'அவங்க'. அந்த வார்த்தையைப் படிச்சப்போ அம்மா குரல் தான் கேட்டுச்சு, 'அவங்க டார்கெட் ஏத்திட்டாங்கடா.' இதை எழுதினதுக்காக ஹராஸ்தி மேல வழக்கு போட்டாங்க.

அந்தப் புத்தகத்தோட கடைசிப் பக்கம் நோக்கிப் போறப்போ ஃபுஷின்னு ஒரு வார்த்தை வருது. தொழிலாளிங்க ஃபேக்டரி மெஷின்ல, ஃபேக்டரி வேஸ்ட்ல, கிடைச்ச நிமிஷங்கள்ல, யாருக்கும் தெரியாம தனக்குன்னு செஞ்சுக்கிற பொருள். சாவி வளையம், சாம்பல் கிண்ணம், இந்த மாதிரி, பல நேரம் பெருசா உபயோகமும் இருக்காது, கடையில போனா வாங்கிடலாம். ஆனா அதைப் பத்தி பேசும்போது மட்டும் அவங்க கண்ணுல ஒரு வெளிச்சம். நாள் பூரா எந்த மெஷினை வெறுத்தாங்களோ அதே மெஷின்ல, என்ன செய்யணும், எப்படிச் செய்யணும், எப்போ போதும்னு தானே முடிவு பண்ணி, ஒருத்தருக்கு ஒருத்தர் ஐடியா குடுத்து, முடிச்சதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கிட்டு. ஃபிரான்ஸ்ல இதுக்கு பெரூக்னு பேர், விக்னு அர்த்தம். இங்கிலீஷ்ல ஹோமர்னு சொல்வாங்க. முதலாளி நாடு, கம்யூனிஸ்ட் நாடு ரெண்டுலயும் இது இருந்திருக்கு, ரெண்டுலயும் இது தப்பு, ரெண்டுலயும் பிடிச்சா தண்டனை.

புத்தகத்தை மூடிட்டு ட்ராயரைத் திறந்தேன். அந்தப் பையை உள்பக்கம் வெளிய திருப்பிப் பார்த்தேன், அம்மா கஃப்பைத் திருப்பிப் பார்த்த மாதிரியே. லைனிங் ஓரத்துல தையல் ரெண்டு ஓட்டு ஓடியிருக்கு, ஒண்ணு போதும், யாரும் பார்க்கப் போறதில்ல, இருந்தும் ரெண்டு. ஜிப்போட முனையில துணி முட்டாம இருக்க சின்னதா ஒரு மடிப்பு குடுத்திருக்கு. கோடு போட்ட துண்டை அடுத்த துண்டோட சேர்க்கும்போது கோடு கோணாம நேரா விழுற மாதிரி வெட்டியிருக்கு. எட்டு மணி நேரம் எண்ணிக்கையை மட்டுமே பார்த்துட்டு இருந்த கை, அரை மணி நேரம் கிடைச்சதும் கோடு நேரா விழணும்னு கவலைப்பட்டிருக்கு. இதுல எண்ணுறதுக்கு ஒண்ணும் இல்ல, எத்தனை நிமிஷத்துல முடிச்சேன்னு யாரும் கேக்கப் போறதில்ல.

மனுசன் உழைப்பை வெறுக்கறான்னு சொல்ற எல்லாருக்கும் என்னோட பதில் இந்த ரெண்டாவது ஓட்டு. 1875ல மார்க்ஸ் உழைப்பு வெறும் பிழைப்புக்கான வழியா இல்லாம வாழ்க்கையோட முதல் தேவையா ஆகுற ஒரு காலத்தைப் பத்தி எழுதறார், ரொம்ப பேர் அதை நடக்காத கனவுன்னு சொல்வாங்க. அது ஏற்கனவே திருட்டுத்தனமா, சாப்பாட்டு இடைவேளையில, துண்டுத் துணியில நடந்துட்டு தான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

தனி ஆள் ஒளிச்சு செய்றதோட இது நிக்கணும்னும் இல்ல. 1971ல ஸ்காட்லாந்துல கிளைட் நதிக் கரையில கப்பல் கட்டுற யார்டுகளை மூடப் போறோம்னு அரசு கை விரிச்சப்போ, தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணல, உள்ள போய் வேலையைத் தொடர்ந்தாங்க, ஆர்டர்ல இருக்கிற கப்பலை நாங்க கட்டி முடிக்கறோம்னு. அதுல முன்னாடி நின்ன ஜிம்மி ரீட் அடுத்த வருஷம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல பேசினப்போ எடுத்துக்கிட்ட விஷயமே அந்நியமாதல் தான். தன் கட்டுப்பாட்டுல இல்லாத பொருளாதார சக்திகளுக்குத் தான் பலின்னு உணர்ற மனுசங்களோட அலறல்னு அதைச் சொன்னார். எலி ஓட்டம் எலிகளுக்குத் தான், நாம எலி இல்ல, மனுசங்கன்னு சொன்னது அந்தப் பேச்சுல தான். 1976ல லூகாஸ் ஏரோஸ்பேஸ்னு விமானப் பாகங்கள் செய்ற பிரிட்டிஷ் கம்பெனியில வேலை பார்த்தவங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க, ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், ஒவ்வொரு பிரிவுலயும் எங்க மெஷின், எங்க திறமையை வெச்சு சமூகத்துக்கு என்ன செய்யலாம்னு கேட்டு, சுமார் 150 பொருட்களுக்கு யோசனை எழுதிக் குடுத்தாங்க, ஹீட் பம்ப், சிறுநீரக மெஷின், மின்சாரமும் எஞ்சினும் சேர்ந்து ஓடுற வண்டி. கஃப் அடிக்கிறவங்க சட்டை எப்படி இருக்கணும், யாருக்கு வேணும்னு பேச ஆரம்பிச்ச மாதிரி. நிர்வாகம் அதை நிராகரிச்சுடுச்சு. மோசமான திட்டம்னு இல்ல, என்ன தயாரிக்கணும்னு முடிவு பண்றது உங்க வேலை இல்லைங்கிறது தான் அதோட அடியில இருந்த பதில்னு நான் வாசிக்கறேன்.

இதெல்லாம் படிச்சு தலை சூடாகி ஒரு நாள் அம்மாகிட்ட உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன், தேனீ, கண்ணாடி, அந்த ஃபுஷி வரைக்கும். அம்மா பொறுமையா கேட்டாங்க. அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒண்ணைச் சொன்னாங்க. 'நீ சொல்றதெல்லாம் சரி டா. ஆனா அந்த கம்பெனி என்னைக் கெடுத்துச்சுன்னு மட்டும் எழுதிடாத. எனக்குன்னு சம்பளம் கையில வந்தது அங்க தான். உங்கப்பாகிட்ட கேக்காம உனக்கு ஃபீஸ் கட்டினது அந்தக் காசுல தான். வீட்ல தைச்சப்ப முழு சட்டை தைச்சேன் தான், ஆனா தைச்சதுக்கு காசு தர்றவங்களும் பாதி பேர் தான், ராத்திரி சமைச்சு முடிச்சு தான் மெஷின்ல உட்காருவேன். முழு சட்டை தைச்சா மட்டும் எல்லாம் நம்மளோடதாயிடுமா?'

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. வீட்டுக்குள்ள செஞ்ச உழைப்பு யாரோடதுன்னு நான் யோசிக்கவே இல்ல. அந்நியமாதலைப் பத்தி பேசுற பலர், நானும் சேர்த்து, தொழிற்சாலைக்கு முன்னாடி இருந்ததை ஒரு முழுமையான உலகமா கற்பனை பண்ணிடறோம், கைவினைஞன், அவன் கருவி, அவன் பொருள்னு. அந்தப் படத்துல ராத்திரி சமைச்சு முடிச்சு உட்கார்ந்தவங்க இல்ல. பழைய முழுமைக்குத் திரும்பிப் போறதா மார்க்ஸ் இதைச் சொல்லல, அவர் பார்வை முன்னாடி தான் இருந்துச்சு, ஆனா நான் படிச்ச விதத்துல அந்த ஏக்கம் கலந்துடுச்சு, அம்மா ஒரே கேள்வியில அதைப் பிரிச்சு எடுத்துட்டாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு நான் கேட்டேன், 'சரிம்மா, அப்போ அங்க உனக்கு என்ன தான் பிடிக்கல?' டார்கெட்னு சொல்வாங்கன்னு நினைச்சேன், திட்டுன்னு நினைச்சேன். பேட்டர்ன் ரூம்னாங்க. மாஸ்டர் பேப்பர்ல சட்டையை வரைஞ்சு வெட்டுற அறை, லைனுக்குப் பக்கத்துலயே கண்ணாடிக் கதவு போட்டு இருக்குமாம், போகும்போதும் வரும்போதும் உள்ள பார்ப்பாங்களாம். எனக்கும் அது தெரியும், கத்துக்குடுங்க, ஷிப்ட் முடிஞ்சு ஒரு மணி நேரம் இருந்து கத்துக்கறேன், காசு வேண்டாம்னு ரெண்டு தடவை கேட்டிருக்காங்க.

'என்னம்மா சொன்னாங்க?'

'கஃப்ல உன் அளவுக்கு கை வேகம் வேற யாருக்கும் இல்லம்மா, உன்னை அங்க இருந்து எடுத்தா லைன் நின்னுடும்னாங்க.'